வெள்ளைக் கோட்டுக்கு எதிர்ப்பக்கம்

"நல்ல கண்ணு உங்களுக்கு" என்று டீச்சர் சொன்னார். கொசுறுவின் வயிற்றில் அடுப்பு பற்றிக்கொண்டது.

பாராட்டு அவனுக்கில்லை. எதிரே நாற்காலி நுனியில், எந்த நிமிஷமும் எழுந்து ஓடிவிடுகிறவரைப் போல உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்கு. மனுஷன் உள்ளே நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. மூலையில் கிடந்த தையல் மெஷினைப் பார்த்து, "பெல்ட் ஒரு பக்கமா தேயுது, கீழ்ச் சக்கரம் சாஞ்சிருக்கு" என்றார். டீச்சர் குனிந்து பார்த்தார். சாய்ந்துதான் இருந்தது. உடனே அந்த வார்த்தை வந்து விழுந்துவிட்டது.

டீச்சர் துப்பறிய வருவதற்கு முன்பு தையல் சொல்லிக்கொடுத்தவர். ஒரு பலே திருடனை அவன் சட்டைக்கை மடிப்பில் போட்டிருந்த தையலை வைத்தே பிடித்துக்கொடுத்துவிட்டு, ஊசியை வைத்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தார். பாராட்டையும் துணி மாதிரி அளந்து வெட்டித்தான் கொடுப்பார். கூடவே நாயாய் அலையும் உதவியாளன் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து "நல்ல கண்ணுடா உனக்கு" என்பதை ஒரே ஒரு தடவைதான் வாங்கியிருக்கிறான். அதை வைத்துத்தான் இத்தனை காலம் ஓட்டிக்கொண்டிருக்கிறான். எந்தப் பேச்சு முடிந்தாலும் இலவசமாக ஒரு வரி சேர்ப்பதால் அவனுக்குக் கொசுறு என்று பெயர். இன்றைக்கு அந்த ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

"விஷயத்தைச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"கண்ணாடிக் கடை வெச்சிருக்கிற ஒரு அம்மாவோட பிக்கப். கிளட்ச் மாத்த வந்துச்சு, மாத்திக் குடுத்தேன். அதுவரைக்கும் வெண்ணெய் மாதிரி ஓடின வண்டி, அன்னியிலேருந்து வேகம் எடுத்தா நடுங்குது. மணல் ஏத்தற வண்டின்னா யாரும் கவலைப்பட மாட்டாங்க. இது ஏத்தறது கண்ணாடி. ஒரு லோடு ஏற்கெனவே உடைஞ்சிருச்சு. பிரிச்சு மாட்டறேன், திரும்பி வருது. மறுபடி பிரிச்சு மாட்டறேன், மறுபடி வருது."

"அண்ணே, நாங்க திருடனைப் பிடிக்கிறவங்க" என்றான் கொசுறு. குரல் திரும்பி வந்துவிட்டது. "நடுக்கம்னா நீங்க போக வேண்டியது டாக்டர்கிட்ட."

மெக்கானிக் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்தார்.

"ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரிஞ்சாகணும் தம்பி. ஒண்ணு, என் கை போயிருக்கணும். இல்லன்னா வேற யாரோட கையோ அதுல பட்டிருக்கணும். என் கைதான் போச்சுன்னா நான் ஷெட்டை மூடிடறேன். பிரேக்கையும் இதே கைதானே மாட்டுது? நாளைக்கு ஒரு உயிர் போனா யார் பதில் சொல்றது? கம்பெனி சர்வீஸ்ல வண்டி கழுவற வேலை ஒண்ணு இருக்குன்னாங்க. சாயங்காலத்துக்குள்ள வர்றேனா இல்லையான்னு சொல்லணும்."

கொசுறுவுக்கு ஒரு நினைப்பு வந்தது. கை போயிருந்தால் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த நொடியே, அடச்சே, ஒரேயடியாகப் போகவேண்டாம், டீச்சர் முன்னால் ஒரு தடவை அசடு வழிந்தால் போதும் என்று திருத்திக்கொண்டான்.

"கிளம்புடா" என்றார் டீச்சர்.

ஷெட் ஒரு தெருமுனையில் இருந்தது. தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, சுவர் முழுக்க அளவு வாரியாகத் தொங்கும் ஸ்பேனர்கள். நடுவில் வெள்ளை பிக்கப். அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் கண்ணாடியம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கை விரல்களில் அங்கங்கே பிளாஸ்திரி, நிமிர்ந்து உட்காரும் தோரணை, கேட்டதைத் திருப்பிக் கேட்கும் பழக்கம். ஷெட்டின் கோடியில், தொட்டியருகே, மெக்கானிக்கின் மனைவி டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்குத் தலையசைத்துவிட்டு மறுபடி டம்ளருக்குத் திரும்பினார். ஏற்கெனவே பளபளத்த டம்ளர்தான்.

"இன்னிக்காவது கண்டுபிடிச்சிருவீங்களா மெக்கானிக்?" என்றார் கண்ணாடியம்மா. "நாளைக்கு ஒரு ஹோட்டலுக்கு ஆளுயரக் கண்ணாடி ஏத்தணும். அது உடைஞ்சா அந்த ஹோட்டல் வேலை அப்படியே கைவிட்டுப் போயிடும்."

"நீங்களே கேளுங்கம்மா. சொன்னேனே, சக்கரம் பாடும், ஷாஃப்ட் பேசும், கியர்பாக்ஸ் புலம்பும். இதுல எதுன்னு காது பழகிட்டா பாதி வியாதி தெரிஞ்சுரும்."

"பாடும், பேசும், புலம்பும்" என்று கண்ணாடியம்மா சொல்லிப் பார்த்தார். தொட்டியருகே ஒரு டம்ளர் கொஞ்சம் பலமாகவே வைக்கப்பட்டது.

வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். அந்த இடம் மெக்கானிக்குக்கும் டீச்சருக்கும் போனது. கொசுறு பின்னால் ஏறி, கண்ணாடி சாத்தும் மரச்சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். கேபினின் பின்ஜன்னல் திறந்திருந்ததால் பேச்சு மட்டும் கேட்டது. வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன் மாதிரி இருந்தது அவனுக்கு.

நகரும்போது ஒன்றுமில்லை. நேர்ச்சாலைக்கு வந்து வேகம் ஏறியதும், தரைக்கு அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பிக் காலில் ஏறியது. மரச்சட்டம் தடதடத்தது. கொசுறுவின் பல்லும் சேர்ந்துகொண்டது.

"இப்ப பாருங்க" என்றார் மெக்கானிக். கியரை நியூட்ரலில் தள்ளினார். இஞ்சின் சத்தம் அடங்கியது. வண்டி தன்பாட்டில் உருண்டது. நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

டீச்சர் யோசித்தார். "இஞ்சினுக்கும் இதுக்கும் இப்ப தொடர்பே இல்ல. ஆனாலும் நடுங்குது. அப்ப இஞ்சினும் இல்ல, புதுசா போட்ட கிளட்சும் இல்ல."

"இஞ்சின் நிரபராதி" என்று பின்னாலிருந்து கத்தினான் கொசுறு. "அடுத்த சந்தேக நபரைக் கூப்பிடுங்க."

"சக்கரத்தை முன்னும் பின்னும் மாத்திப் போட்டுப் பாத்துட்டேன். சக்கரத்துல கோளாறுன்னா நடுக்கமும் அதுகூட இடம் மாறி ஸ்டியரிங்குக்கு வந்திருக்கணும். வரல."

"அப்ப மிச்சம்?"

"நடுவுல சுத்தற ஷாஃப்ட்தாம்மா. கியர்பாக்ஸ்லேருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோற நீளக் குழாய். அதோட மூட்டுக்கு கிராஸ்னு சொல்லுவோம், அதைப் புதுசா போட்டேன். அதைத் தாங்கற பேரிங்கையும் புதுசா போட்டேன். ஒவ்வொரு தடவையும் என் வெள்ளைக் கோடு பாத்துத்தான் மாட்டினேன்."

"வெள்ளைக் கோடா?"

"ஷாஃப்டோட பின்முனையில ஒரு வட்டத் தட்டு இருக்கும். அச்சுப் பக்கமும் அதே மாதிரி ஒரு தட்டு. ரெண்டையும் சேர்த்து நாலு போல்ட் போடறோம். பாதி சுத்து மாத்தி வெச்சாலும் போல்ட் ஏறிடும், ஆனா எடை சமம் தப்பிடும், நடுங்கும். அதனால கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு தட்டு மேலயும் சேர்த்து வெள்ளை பெயின்ட்ல ஒரு கோடு இழுத்துருவேன். திரும்ப மாட்டறப்போ கோட்டோட கோடு சேரணும். சேருது. நானே பாத்துட்டேன்."

"அந்தக் கோட்டை நீங்க சந்தேகப்படலையா?"

"என்னம்மா இது? என் கோட்டை நானே சந்தேகப்பட்டா அப்புறம் எதைத்தான் நம்பறது?"

"அழகா வரிசையா சொல்றீங்க" என்றார் டீச்சர். மரச்சட்டத்தோடு கொசுறு மேலும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டான். அழகாம், வரிசையாம். நேற்று அவன் ஒரு வழக்கின் விவரம் முழுதும் சொன்னபோது "மூச்சு விட்டுப் பேசு" என்றுதான் டீச்சரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டான்.

திரும்பி வந்து இறங்கியதுமே அவன் டீச்சரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "எனக்கு ஆள் தெரிஞ்சு போச்சு. எதிர்ல ஒரு ஷெட் இருக்கு பாருங்க. புதுசு, வண்டியைத் தூக்கற மெஷின் எல்லாம் வெச்சிருக்கான். தொழில்ல எதிரி வேற எங்க இருப்பான்? எதிர்லதான் இருப்பான்."

"உனக்கு அவன் எதிரியா இருக்கணும்னு ஆசை."

"எனக்கு இவர் உத்தமரா இருக்க வேண்டாம்னு ஆசை" என்று சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "போய்க் கேட்டுத்தான் பாப்போமே" என்றான்.

எதிர் ஷெட்காரர் இளவயதுக்காரர். காலில் கட்டுப் போட்டு, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியிலிருந்தபடியே ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தார். கொசுறு அந்தக் கட்டைப் பார்த்ததுமே அவன் வழக்கு பாதி நொண்டிப்போனது. ஆனாலும் விடவில்லை.

"எதிர்ல இருக்கிற அண்ணனுக்குக் கை போச்சுன்னு பேச்சு. கேள்விப்பட்டீங்களா? சந்தோஷமா இருக்குமே."

"எனக்கென்ன சந்தோஷம்?" அவர் தலைக்கு மேலிருந்த பலகையை ஊன்றுகோலால் காட்டினார். கடைப் பெயருக்குக் கீழே, எதிர் ஷெட் மெக்கானிக்கிடம் தொழில் பழகியவர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "குரு கையே போச்சுன்னா சிஷ்யன் போர்டை எவன் மதிப்பான்? பாதி வண்டி எனக்கு அவர் பேராலதான் வருது."

"அந்தக் கண்ணாடி வண்டி உங்ககிட்ட வரவே இல்லையா?" என்று கேட்டார் டீச்சர்.

"வந்துச்சு. போன வாரம் அந்தம்மாவே ஓட்டிட்டு வந்தாங்க. 'எதிர் ஷெட்டுக்குப் போ, அங்கதான் மெஷின் இருக்கு'ன்னு யாரோ சொல்லி அனுப்பினாங்களாம். நான் அப்பவே திருப்பி அனுப்பிட்டேன். அவர் கோடு போட்ட வண்டியில நான் கை வைக்கமாட்டேன். கோடு போடறதையே அவர்கிட்டதானே கத்துக்கிட்டேன்."

"யாரு சொல்லி அனுப்பினது?"

"கேக்கலை. ஒண்ணு சொல்றேன், அந்த ஷெட்டுக்குள்ள எவனும் சும்மா நுழைய முடியாது. அவர் ஸ்பேனர் ஒண்ணு இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடிச்சிருவார். பூட்டு அப்படி, கண்ணும் அப்படி."

மறுபடியும் கண். தெருவைக் கடக்கும்போது கொசுறு வாயைத் திறக்கவே இல்லை. டீச்சர்தான் திறந்தார். "ஒரு மெக்கானிக்குக்கு அவனோட எதிரியே சாட்சி சொல்றான். வெளியாள் யாரும் இதுல இல்லடா."

"அப்ப அவர் கைதான்னு முடிவா?" என்றான். எதிர்பார்த்த சந்தோஷம் அதில் வரவில்லை.

மெக்கானிக் அதற்குள் ஷாஃப்டைக் கழற்றி நீள மேஜைமேல் கிடத்தியிருந்தார். பின்முனையில் வட்டத் தட்டு. அதன் விளிம்பில் வெள்ளைக் கோடு, ஒரு விரல் நீளம், சுத்தமாக. வண்டிக்கு அடியில் அச்சுப் பக்கத்துத் தட்டிலும் அதே வெள்ளை. சேர்த்துப் பிடித்தால் ஒரே கோடாக நேர்வரிசையில் நிற்கும். குற்றம் சொல்ல முடியாத கோடு.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, துணியின் நெசவைத் தடவுகிற மாதிரி தட்டின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். வெள்ளைக் கோட்டிலிருந்து புறப்பட்டு, பாதி வட்டம் வந்ததும் விரல் நின்றது.

"இங்க என்ன?"

மெக்கானிக் குனிந்தார். விளிம்பில் ஒரு சின்னக் கொத்து. அரத்தால் ஒரே இழுப்பில் போட்டது, அரிசி முனை அளவுகூட இல்லை. "ஏதாவது கீறியிருக்கும்மா. இத்தனை தடவை கழட்டி மாட்டியிருக்கேனே."

"தவறிப் போய்க் கீறினா கோணலா விழும். இது நேரா விழுந்திருக்கு. அதுவும் உங்க கோட்டுக்குச் சரியா எதிர்ப்பக்கத்துல." டீச்சர் நிமிர்ந்தார். "தையல்ல ஒரு வழக்கம் உண்டு. சட்டைக் கையையும் தோளையும் சேர்க்கிற இடத்துல, எந்த இடம் எந்த இடத்தோட பொருந்தணும்னு கத்தரியால துணி ஓரத்துல சின்னதா ஒரு கொத்து குடுப்போம். தச்சு முடிச்சா வெளியில தெரியாது. வெட்டினவளுக்கு மட்டும் தெரியும். இது அந்தக் கொத்துதான்."

"எனக்குப் புரியல."

"கிளட்ச் மாத்தினப்போ இந்த ஷாஃப்ட் ராத்திரி முழுக்க இந்த மேஜையில கிடந்துச்சா?"

"கிடந்துச்சு. மறுநாள்தான் மாட்டினேன்."

"அப்ப யாரோ இந்தத் தட்டுல இருந்த உங்க கோட்டைத் துடைச்சுட்டு எதிர்ப்பக்கத்துல இன்னொரு கோடு இழுத்திருக்காங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் அந்தப் பொய்க்கோட்டை வெச்சுச் சரியா தப்பு பண்ணியிருக்கீங்க. நிஜமான இடத்துல இந்தக் கொத்து இருக்கு. இந்த வெள்ளையை விட்டுட்டு, கொத்து அச்சுப் பக்கத்துக் கோட்டோட சேர்ற மாதிரி மாட்டுங்க."

மெக்கானிக்கின் முகத்தில் ஏதோ ஓடியது. ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். போல்ட் இறுகும் சத்தம் மட்டும் கேட்டது. கொசுறு மேஜையில் கிடந்த அரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான்.

"ஒண்ணுதான் இடிக்குது டீச்சர். கெடுக்க வந்தவன் கோட்டைத் துடைச்சான், பொய்க்கோடு போட்டான். வேலை முடிஞ்சுது. நிஜமான இடத்துல எதுக்கு மெனக்கெட்டுக் கொத்து போடணும்?"

"அதான் கேள்வி. வீட்டைக் கொளுத்தறவன் ஒரு வாளித் தண்ணியையும் வாசல்ல வெச்சுட்டுப் போவானா?"

கொசுறுவுக்குள் ஏதோ ஒன்று, காலையில் அவனே நினைத்துத் திருத்திக்கொண்ட ஒன்று, மெதுவாகத் தலை தூக்கியது. கெட்டுப் போகட்டும், ஆனால் ஒரேயடியாக வேண்டாம். பகைக்காரன் அப்படி நினைக்கமாட்டான். பகைக்காரனுக்குத் திரும்பி வர வழி தேவையில்லை. வயிறு எரிகிறவன்தான், அதுவும் பிரியம் வைத்துவிட்டு வயிறு எரிகிறவன்தான், கெடுக்கும்போதே சரிசெய்யவும் இடம் வைத்துக்கொண்டு கெடுப்பான்.

அவன் ஸ்டூலருகே போனான். "அம்மா, எதிர் ஷெட்டுக்குப் போங்கன்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

கண்ணாடியம்மா கொஞ்சம் தயங்கினார். "சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க, 'அவர் காதுக்கு வயசாயிருச்சு, நீங்க வீணா அலையாதீங்க'ன்னு." சொல்லும்போதே அவர் கண் ஷெட்டின் கோடிக்குப் போய்விட்டுத் திரும்பியது.

தொட்டியருகே டம்ளர்கள் எல்லாம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மெக்கானிக்கின் மனைவி ஈரக் கையோடு நின்றிருந்தார். கொசுறு போய்ப் பக்கத்தில் நின்றான்.

"அண்ணி, காலையில எங்க டீச்சர் அண்ணனைப் பாத்து நல்ல கண்ணுன்னு சொன்னாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு."

"அதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?"

"வேற யார்கிட்ட சொன்னாலும் சிரிப்பாங்க. எனக்கு ஒரே ஒரு தடவை குடுத்த வார்த்தை அது. முன்பின் தெரியாத ஒருத்தருக்கு அப்படியே எடுத்துக் குடுத்துட்டாங்க."

அவர் முந்தானையில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அதே வார்த்தையா?"

"அதே வார்த்தை."

"எனக்கும் அதான்." குரல் தாழ்ந்திருந்தது. "சக்கரம் பாடும், ஷாஃப்ட் பேசும், கியர்பாக்ஸ் புலம்பும். கல்யாணமான புதுசுல இந்த மேஜை பக்கத்துல என்னை நிக்க வெச்சுச் சொன்னது. லைட் பிடிச்சிருக்கேன், ஸ்பேனர் எடுத்துக் குடுத்திருக்கேன், கோடு போட்டிருக்கேன். கேட்டுக் கேட்டு என் காதும் பழகிருச்சு. பழகினதும் அவர் எனக்குச் சொல்றதை நிறுத்திட்டார். தெரிஞ்சவளுக்கு என்ன சொல்றதுன்னு விட்டுட்டார் போல. அப்புறம் இந்தம்மா வந்தாங்க. ஸ்டூலைப் போட்டு உட்கார வெச்சு அதையே சொன்னார். ஒரு வார்த்தையாவது மாத்திச் சொல்லியிருக்கலாம்."

"அதனால கோட்டை மாத்திட்டீங்க."

"வண்டி கெட்டா கோவிச்சுக்கிட்டு வேற இடம் போயிருவாங்கன்னு நெனச்சேன்." அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "கெட்ட வண்டி எங்க போகும்? மாட்டினவர்கிட்டயேதான் திரும்பி வரும். அது எனக்குத் தோணவே இல்ல. எப்பவாவது வந்துட்டிருந்தவங்க வாரா வாரம் வந்தாங்க. அரை நாள் உட்கார்ந்தாங்க. நானே பத்திரிகை வெச்சு அழைச்ச மாதிரி ஆயிருச்சு."

"கொத்து போட்டீங்களே, சரி பண்ணியிருக்கலாமே?"

"இந்தத் தடவை போயிருவாங்க, இந்தத் தடவை போயிருவாங்கன்னு தள்ளிப் போட்டேன். அவர் கோட்டைச் சந்தேகப்படுவார்னு நெனச்சேன். தன்னோட கையைச் சந்தேகப்படுவார்னு நான் நெனக்கல."

வெளியே பிக்கப் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து நின்றது. மெக்கானிக் இறங்கினார். கதவைச் சாத்தக்கூட மறந்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடுங்கல. அம்மா, துளிகூட நடுங்கல. என் கை போகல." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டார். "யாரும்மா பண்ணினது? சொல்லுங்க. அவனை நான்..."

டீச்சர் கொசுறுவைப் பார்த்தார். கொசுறு தரையைப் பார்த்தான். பதில் சொல்ல வேண்டியவர் தானாகவே தொட்டியிலிருந்து நடந்து வந்து கணவருக்கு முன்னால் நின்றார்.

"நான்தான். அரத்தால கொத்து போட்டதும் நான்தான்."

மெக்கானிக் முதலில் கேட்காதவர் மாதிரி நின்றார். பிறகு மேஜையைப் பார்த்தார், அரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"நான் தூங்காம புரண்டேனே. அது உனக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதானே படுத்திருந்தேன். தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"இருந்தேன்."

மெக்கானிக் ஸ்டூல் பக்கம் திரும்பினார். கண்ணாடியம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் சிவந்து, எழுந்து, சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன்னு கேக்க மாட்டேன்" என்றார் மெக்கானிக் மனைவியிடம். பேச்சு தடுமாறித் தடுமாறி வந்தது. "வண்டி திரும்பி வந்தப்போ எல்லாம் பயந்தேன். அது நெஜம். ஆனா அவங்க வந்து உட்கார்ந்து, இது என்ன சத்தம், அது என்ன சத்தம்னு கேக்கறப்போ எனக்கு நல்லாயிருந்துச்சு. அதுவும் நெஜம். வேற ஒண்ணும் இல்ல. கேக்க ஆள் இருந்துச்சுன்னு ஒரு சந்தோஷம். அவ்வளவுதான்."

"நான் கேக்க மாட்டேன்னா சொன்னேன்?"

மெக்கானிக் சாவியைக் கண்ணாடியம்மாவின் கையில் கொடுத்தார். "நாளைக்குத் தைரியமா ஏத்துங்க. உடைஞ்ச லோடுக்கு நாங்க பொறுப்பு. இனிமே நீங்க இந்தப் பக்கம் வரவேண்டிய தேவை இருக்காது."

"அதான் நல்லது" என்றார் கண்ணாடியம்மா. யாரையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். கொசுறு நிம்மதியாக மூச்சு விட்டான். வழக்கு முடிந்தது, வந்தவள் போகிறாள், கெடுத்தவள் ஜெயித்தாள். கேஸ் என்றால் இப்படித்தான் முடியவேண்டும் என்று அவன் வயிறு சொன்னது.

பிக்கப் மெதுவாக வாசலைத் தாண்டித் தெருவில் திரும்பியது. மெக்கானிக்கின் மனைவி தலையைச் சாய்த்தார். ஒரு நொடிதான். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார், தெருவில் இறங்கி, வண்டிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். பிரேக் கிறீச்சிட்டது.

"வலது பின்சக்கரம்" என்றார் மூச்சு வாங்க. "திருப்பத்துல முனகுது. உள்ள பேரிங் தேஞ்சிருக்கு. இத்தனை நாள் அந்த நடுக்கத்துல அமுங்கிக் கிடந்துச்சு."

மெக்கானிக் பின்னாலேயே ஓடி வந்திருந்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

"இன்னொரு தடவை திருப்புங்க" என்றார் மனைவி கண்ணாடியம்மாவிடம்.

வண்டி திரும்பியது. மெக்கானிக் சக்கரத்தோடு கூடவே குனிந்து நடந்தார். நின்றார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்து, கொசுறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இருக்கு" என்றார் மெக்கானிக். "ரொம்ப லேசா. நான் விட்டுட்டேன்."

கண்ணாடியம்மா ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "நாளைக்கு ஏத்தலாமா, கூடாதா?"

"நாளைக்குத் தாங்கும். அதுக்கப்புறம் தள்ளிப் போட்டா சக்கரமே கழண்டுக்கும்." மெக்கானிக்கின் மனைவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "லோடு இறக்கிட்டு இங்கயே கொண்டு வாங்க. காலையில வாங்க, மாட்டி முடிக்க மதியம் ஆயிடும். உட்கார ஸ்டூல் இருக்கு."

"வரலாமா?" என்று கேட்டார் கண்ணாடியம்மா.

"வாங்க. சத்தத்தை நான் சொல்றேன்."